நூறு வருடம் தள்ளி யோசிப்பவர்கள்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம். அமெரிக்காவில் ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் நூறு, இருநூறு வருடம் கழித்து உலகம் எப்படி இருக்கும் என்று ஆராய ஒரு மையமே இருக்கிறது என்று போன கட்டுரையில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். யார் இவர்கள்? தானே புயல் வந்தபோது எங்கள் வீட்டு ஓடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாளைய மழையையே சரியாகச் சொல்ல முடியாத உலகத்தில் 2100-ஐப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? என் மகள் புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு இந்த மாதிரி வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். அதனால்தான் கேட்கிறேன்.
இரா., திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அன்புள்ள இரா.,

உங்களுக்கு வந்த இதே சந்தேகம் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்த சிலருக்கும் வந்தது, அவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் இந்தத் துறை இன்று மதிக்கத்தக்கதாக இருக்கிறது. அந்த ஆட்களைப் பற்றிச் சொன்னால் உங்கள் மகள் விஷயத்துக்கும் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

ரேண்ட் 1946-ல் அமெரிக்க விமானப்படைக்கான ஒரு திட்டமாக ஆரம்பித்து, 1948-ல் லாப நோக்கம் இல்லாத தனி நிறுவனமானது. கலிபோர்னியாவில், சாந்தா மோனிகாவில் இருக்கிறது. போருக்காகப் பிறந்த இடம், அதை மறைக்க வேண்டியதில்லை. அங்கே ஓலாஃப் ஹெல்மரும் நார்மன் டால்கியும் 1950-களின் தொடக்கத்தில் நிபுணர்கள் சிலரிடம் கேட்ட கேள்வி, அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குலைக்க எதிரிக்கு எத்தனை அணுகுண்டு தேவைப்படும் என்பது. படிக்கவே மனசு கசக்கிறது. ஆனால் அவர்கள் கேட்ட விதம் முக்கியமானது. நிபுணர்களை ஒரே அறையில் உட்கார வைக்கவில்லை. தனித்தனியாக எழுதி வாங்கினார்கள், யார் சொன்னது என்று காட்டாமல் மற்றவர்களின் பதிலையும் காரணத்தையும் எல்லோருக்கும் அனுப்பினார்கள், மறுபடியும் யோசித்து எழுதச் சொன்னார்கள், இப்படிப் பல சுற்று. டெல்ஃபி முறை என்று இதற்குப் பெயர். நம் ஊர் ஆலோசனைக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள், கலெக்டர் முதலில் பேசிவிட்டால் அதற்குப் பிறகு எத்தனை பேர் மாற்றிப் பேசுவார்கள்? பெரிய மனிதர் முகத்துக்காக வாயை மூடிக்கொள்ளும் பழக்கத்தை ஒதுக்கிவிட்டு அறிவை மட்டும் திரட்டப் பார்த்தார்கள்.

1964-ல் ஹெல்மரும், ராக்கெட் பொறியாளரான தியோடர் கார்டனும் அதே முறையில் உலகத்தின் அடுத்த ஐம்பது வருடத்தைப் பற்றிய நீண்ட ஆய்வு ஒன்றை வெளியிட்டார்கள். மக்கள்தொகை, விண்வெளி, தானியங்கி இயந்திரங்கள், போரைத் தடுப்பது உள்ளிட்ட ஆறு தலைப்பு. கடல்நீரைக் குடிநீராக்குவதும், இயந்திரம் மொழிபெயர்ப்பதும் அதில் வருகிறது. நூற்றாண்டு முடிவதற்குள் நிலாவில் நிரந்தரத் தளம் என்பதும் வருகிறது, அது இன்றுவரை நடக்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஃபிரெடரிக் பார்டீ வருகிறார். ரேண்டில் வேலை பார்த்தவர், அப்புறம் லாஸ் ஏஞ்சலஸில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை வாங்கி நடத்திப் பணம் சேர்த்தவர். முப்பத்தைந்து வருடத்திலிருந்து இருநூறு வருடம் வரை தள்ளி யோசிக்க ஆள் வேண்டும் என்று பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்கும், ரேண்டுக்கும், டென்வர் பல்கலைக்கழகத்துக்கும் அள்ளிக் கொடுத்தார். அடுத்த தேர்தலைத் தாண்டி யாருமே யோசிக்காத காலத்தில் ஒரு தனி மனிதர் இதற்குப் பணம் கொடுத்தது எனக்குப் பெரிய விஷயமாகவே படுகிறது.

ரேண்டில் அந்த மையத்தை முதலில் நடத்தியவர் ஜேம்ஸ் டூவர், கணிதம் படித்தவர். அவருடைய யோசனை எளிமையானது. எந்தத் திட்டத்திலும் சொல்லாமலே நம்பிக்கொண்டிருக்கும் சில அனுமானங்கள் இருக்கும். வீட்டில் எந்தச் சுவர் கூரையைத் தாங்குகிறது என்று பார்ப்பது போல, அவற்றில் எது உடைந்தால் திட்டமே சரியும் என்று முதலில் கண்டுபிடி என்றார். அவருக்குப் பின் வந்த ராபர்ட் லெம்பர்ட் இயற்பியல்காரர். அவர், பொருளாதாரம் படித்த ஸ்டீவன் பாப்பர், கணினி ஆள் ஸ்டீவன் பேங்க்ஸ் மூவரும் 2003-ல் ஓர் அறிக்கையில் சொன்னது இன்னும் துணிச்சலானது: நூறு வருடம் கழித்து என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது, சொல்ல முயல்வதை விடுங்கள். பதிலாக, இன்று எடுக்கும் எந்த முடிவு பலவிதமான எதிர்காலங்களிலும் ஓரளவு தாங்கும் என்று கேளுங்கள். கணினியில் மழை, மக்கள்தொகை, விலை எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான எதிர்காலங்களை உருவாக்கி, கையில் இருக்கும் திட்டத்தை ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கெல்லாம் தோற்கிறதோ அந்த இடங்களுக்கு என்ன பொது என்று தேடுவார்கள்.

தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு நீர் விநியோக அமைப்புக்கு லெம்பர்ட்டும் டேவிட் க்ரோவ்ஸும் இதைச் செய்து காட்டினார்கள். மழை குறைந்து, வெளியிலிருந்து வரும் தண்ணீரும் குறைந்து, நிலத்துக்குள் இறங்கும் நீரும் குறைந்தால் அந்தத் திட்டம் விழுந்துவிடும் என்று தெரிந்தது. மூன்றும் சேர்ந்து வருமா வராதா என்ற சண்டைக்குள் அவர்கள் போகவில்லை. அந்த மூன்றையும் கண்காணியுங்கள், வந்தால் செய்ய வேண்டியதை இப்போதே எழுதி வையுங்கள் என்றார்கள்.

டென்வரில் பாரி ஹியூஸ் என்று ஒருவர். அரசியல் அறிவியல் பேராசிரியர். நாடுகளின் எதிர்காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க, மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்த ஒரு கணினி மாதிரியைப் பல பத்தாண்டுகளாக வளர்த்திருக்கிறார், இந்தியா உட்பட நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி, அவர் போட்ட அனுமானங்களைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். என் கணக்கை நீயே பிரித்துப் பார் என்று ஒருவர் வாழ்நாள் உழைப்பைத் திறந்து வைக்கிறார் என்றால் அவரை நான் நம்பத் தயார்.

சரி, கடலூருக்கு வருகிறேன். தானேயும், 2015 வெள்ளமும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரைபுரண்டதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே புதுச்சேரியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் வடிகால் திட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது, ஆற்றுத் தண்ணீரைக் கடல் வாங்கிக்கொள்ளும் என்பது. புயல் நேரத்தில் கடல் ஏறி நின்றால் கெடிலமும் தென்பெண்ணையும் வடிய இடமில்லாமல் ஊருக்குள் தேங்கும், இது தேவனாம்பட்டினத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆக, சரிந்தால் எல்லாம் சரியும் அனுமானம் நம்மிடம் இருக்கிறது, அதை ஆயிரம் விதமாகச் சோதித்துப் பார்க்கும் ஆள்தான் இல்லை. நெய்வேலியில் சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நிலக்கரியின் காலம் முடிந்தபின் அந்த நீர்மட்டமும் அந்த ஊரின் வேலைகளும் என்ன ஆகும் என்று இப்போதே கேட்பது யார்? கடற்கரை ஓரமாக நிலத்தடியில் உப்புநீர் உள்ளே வந்தால் அதைத் திருப்பி அனுப்புவது மிகவும் கடினம். எனக்கு இதில் கோபம்கூட வருகிறது. இவ்வளவு பாதிப்பைப் பார்த்த மாவட்டத்தில் 2060-ஐப் பற்றி உட்கார்ந்து பேச, எனக்குத் தெரிந்து, ஒரு மேசைகூட இல்லை.

மகளைப் போகச் சொல்லுங்கள். முதலில் ஹியூஸின் மாதிரியை இறக்கி இந்தியாவை மட்டும் எடுத்து அனுமானங்களை மாற்றிப் பார்க்கட்டும். கூடவே மதகைத் திறந்து மூடும் வேலை பார்த்து ஓய்வுபெற்ற லஸ்கர்களையும், முகத்துவாரத்தில் படகு ஓட்டுகிறவர்களையும் பார்த்துப் பேசட்டும், எந்தக் காற்றில் எந்தக் கரை முதலில் உடையும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும், அந்த விவரம் சாந்தா மோனிகாவில் கிடைக்காது. நான் சொன்ன 2003 அறிக்கை ரேண்டின் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. படித்துவிட்டு எங்கே தடுக்குகிறதோ அங்கே நிறுத்தி எனக்கு எழுதச் சொல்லுங்கள்.