மனித உரிமை பற்றிய ஐநா தீர்மானங்களால் வட கொரிய மக்களுக்கு ஏதாவது நன்மை நடந்திருக்கிறதா?

கொஞ்சம் நடந்திருக்கிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை. அரசியல் கைதிகளின் முகாம்கள் இன்றும் இருக்கின்றன.

அதற்காக, "யார் என்ன சொன்னாலும் வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன் சட்டை செய்யமாட்டார்" என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2013-14-இல் நடந்ததைப் பாருங்கள். ஆஸ்திரேலிய முன்னாள் நீதிபதி மைக்கேல் கிர்பி தலைமையிலான ஐநா விசாரணைக் குழுவை வட கொரியா உள்ளே விடவில்லை. சரி என்று அவர்கள் சியோல், டோக்கியோ, லண்டன், வாஷிங்டனில் அமர்வு நடத்தி, தப்பி வந்தவர்களை எல்லோர் முன்னாலும் சாட்சி சொல்ல வைத்தார்கள். முகாம்களில் 80,000 முதல் 1,20,000 பேர் வரை இருக்கலாம், நடப்பது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள் என்றது 2014-இல் வந்த அவர்களின் அறிக்கை.

தலைவரே குற்றவாளிக் கூண்டில் ஏற நேரலாம் என்றதும் பியோங்யாங் (வட கொரிய அரசு) பதறிவிட்டது. 15 ஆண்டுகளாக ஐநா பொதுச்சபைக்கு வராத வெளியுறவு அமைச்சர் அந்த ஆண்டு நியூயார்க் வந்தார். தங்கள் நாட்டில் மனித உரிமை செழிக்கிறது என்று அவர்களே ஓர் அறிக்கையும் போட்டார்கள். அப்புறம் பேரம்: கிர்பி குழுவின் அறிக்கையை ஒட்டிப் பொதுச்சபைக்கு வந்த தீர்மானத்தில் நீதிமன்றம் பற்றிய வரிகளை எடுத்துவிட்டால், அதுவரை வாசலிலேயே சேர்க்காத ஐநா சிறப்பு அறிக்கையாளரை (வட கொரிய மனித உரிமை நிலையைக் கண்காணிக்க ஐநா நியமித்தவரை) அழைக்கிறோம் என்றார்கள். வரிகள் நீக்கப்படவில்லை, அதனால் அந்த அழைப்பும் இல்லாமல் போயிற்று. பொதுச்சபையில் தீர்மானம் நிறைவேறியது. (இந்தியா எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.) ஆனால் வழக்கைத் தொடங்கப் பாதுகாப்பு அவை சம்மதிக்க வேண்டுமே, அங்கே சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் எதையும் தடுத்துவிடும் வீட்டோ அதிகாரம் இருக்கிறது.

இருந்தும் 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை வட கொரியா ஏற்றது. அடுத்த ஆண்டே அந்தத் துறைக்கான ஐநா சிறப்பு அறிக்கையாளரை உள்ளே அனுமதித்தது. ஆட்சியின் அடித்தளத்தைத் தொடாத விஷயம் என்பதால் விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், இன்னொரு தீர்மானத்தைவிட சீனாவை நெருக்குவதுதான் உடனடிப் பலன் தரும். தப்புகிறவர்களில் பெரும்பாலோர் யாலு, தூமன் ஆறுகளைத் தாண்டிச் சீனாவுக்குள்தான் போகிறார்கள். அகதிகள் ஒப்பந்தத்தில் 1982-லேயே சேர்ந்த நாடு அது. ஆனாலும் இவர்களைப் பிழைப்புக்காகக் கள்ளத்தனமாக நுழைந்தவர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறது. திரும்பிப் போனவர்களுக்கு அடி, சித்திரவதை, சிறை. சீனரின் கருவைச் சுமந்த பெண்களுக்குக் கட்டாயக் கருக்கலைப்பு. இதெல்லாம் கிர்பி அறிக்கையிலேயே இருக்கிறது. இதை நிறுத்த பியோங்யாங்கின் சம்மதமும் தேவையில்லை, பாதுகாப்பு அவையின் வாக்கும் தேவையில்லை.