நெடுநாள் நின்ற வண்டியின் கார்புரேட்டர்: கேள்வி பதில்

கேள்வி (காட்பாடி): ஐயா, அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நான்கு ஆண்டுகளாகத் தாழ்வாரத்தில் நின்றிருந்தது. இப்போது சோக் போட்டால் ஓடுகிறது; எடுத்ததும் அணைந்துவிடுகிறது. புது கார்புரேட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். அதில், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் தரும் சோக்குக்குத் தனிப் பாதை உண்டு. அந்தப் பாதையில் பெட்ரோல் வருகிறது, ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் தராமல் இன்ஜின் மெதுவாக ஓடுவது) பாதையில் வரவில்லை என்றால், பெரும்பாலும் அதற்குப் பெட்ரோல் விடும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகான பைலட் ஜெட் அடைத்திருக்கிறது என்று பொருள். கார்புரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் (மிதவை) கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் நம் வேலூர் வெயிலில் சிறிது சிறிதாக ஆவியாகி, அடியில் அரக்கு நிறப் பிசினாகப் படிகிறது. இருப்பதிலேயே நுண்ணிய துளை பைலட் ஜெட்டுடையது என்பதால் அதுவே முதலில் மூடிக்கொள்கிறது.

கலவையில் காற்றின் அளவைத் திருத்தும் ஏர் ஸ்குருவைக் கழற்றுமுன், அது முழுவதும் உள்ளே செல்ல எத்தனை சுற்று ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளோட், ரப்பர் வளையங்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, ஜெட்டுகளைக் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றை ஒவ்வொரு வழியிலும் செலுத்துங்கள். பிறகு பைலட் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், ஊசிமுனை அளவில் ஒளி முழு வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. கம்பியையோ குண்டூசியையோ உள்ளே விடவே விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை சற்றே பெருத்தாலும் கலவையின் அளவு கெட்டுவிடும். ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996இல் நின்றுவிட்டது. உங்களிடம் இருக்கும் அசல் மிகுனி கார்புரேட்டரைக் காப்பாற்றுவதே அறிவுடைமை.

கேள்வி (குடியாத்தம்): சுத்தம் செய்து ஒரு வாரத்தில் மீண்டும் அடைத்துக்கொண்டது. ஏன்?

பதில்: டேங்கைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். உள்ளே துரு இருக்கும்வரை கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, டேங்கை அலசி, பெட்ரோல் காக்கின் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குமிழ்) வலையையும் குழாயையும் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலக்கப்படும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரையும் கெடுக்கும்.

கேள்வி (ஆரணி): பழைய புல்லட். நிறுத்தி வைத்தால் பெட்ரோல் வாடை வருகிறது, கீழே சொட்டவில்லை.

பதில்: சொட்டாததே கவலைக்குரியது. ஃப்ளோட் கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு சரியாக மூடாமல் கசியும் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே வெளியேற வேண்டும். நெடுநாள் நின்ற வண்டிகளில் அந்தக் குழாயின் வாயைக் குளவி மண் வைத்து அடைத்திருப்பதை நம் பக்கத்தில் அடிக்கடி காணலாம். வெளியேற வழியில்லாத பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் மணந்தால் ஆயிலை மாற்றாமல் கிக்கரை மிதிக்க வேண்டாம்.

கேள்வி (ஆற்காடு): ஆர்எக்ஸ் 100இல் எல்லாம் சுத்தம் செய்தும் ஐடிலிங் தானாக ஏறுகிறது.

பதில்: எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. கார்புரேட்டரும் இன்ஜினும் சேருமிடத்தில் சோப்பு நீரைத் தெளித்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கே வெடிப்பு இருக்கிறது. மாறாவிட்டால் இன்ஜினின் கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் காக்கும் ஆயில் சீல்கள் காய்ந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): ஆறு மாதம் ஊரில் இருக்க மாட்டேன். என்ன செய்து வைக்கலாம்?

பதில்: பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, ஃப்ளோட் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, மிச்சப் பெட்ரோலைப் பாத்திரத்தில் வடித்துவிடுங்கள்.