மயில் இறாலுக்குத் துணை வேண்டாம்

கேள்வி: எங்கள் பவளத் தொட்டியில் இரண்டு கோமாளி மீன்களும் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் ஆறு சங்கு நண்டுகளும் இருக்கின்றன. மகன் மயில் மாண்டிஸ் இறால் ஒன்றையும் சேர்க்கக் கேட்கிறான். சேர்க்கலாமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம் தங்கையே. நண்டும் நத்தையும்தான் அதன் சாப்பாடு. நான்கு ஆண்டுகள் ஒன்றை வளர்த்தவன் சொல்கிறேன். முதல் நாளே ஒரு சங்கு நண்டை விட்டுப் பார்த்தேன், இன்றும் வருந்துகிறேன். காம்புக் கண்களில் ஒன்று என்னைப் பார்த்தது, மற்றொன்று நண்டைப் பார்த்தது. உணர்கொம்பால் மெல்லத் தடவியது. பிறகு சுத்தியல் போன்ற முன்கையால் ஓர் அடி! சங்கின் வாய் கொட்டாங்கச்சி போலச் சிதறிக் கிடந்தது. அந்த அடி நொடிக்குச் சுமார் 23 மீட்டர் வேகம்; அதில் எழும் நீர்க்குமிழிகள் நொறுங்கும்போது இரண்டாவது அடியும் விழுகிறது. கோமாளி மீன்கள் சில நாள் தப்பலாம், ஆனால் அதை நம்பித் தூங்க முடியாது.

மகனின் ஆசையைக் கெடுக்காதீர்கள். தனித் தொட்டி வாங்குங்கள், அதன் அடியில் கண்ணாடி விரிசல் விடலாம் என்பதால் அக்ரிலிக் நல்லது. ஒளிய ஒரு பிவிசி குழாய், மங்கிய வெளிச்சம் போதும். தோலுரிக்கும் நாட்களில் வளையை அடைத்துக்கொண்டு பட்டினி கிடக்கும். இறந்துவிட்டது என்று குச்சியால் குத்தாதீர்கள். கையால் மட்டும் தொடவே கூடாது.