ஐந்து வாக்குச்சாவடி, இரண்டு ஊழியர்: சின்ன கவுன்டியில் எதை மூடுவது, எதை வைத்துக்கொள்வது?

கேள்வி: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், 6,000 பேர் வசிக்கும் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) இருக்கிறேன். கவுன்டியின் ஆவணங்களையும் தேர்தலையும் கவனிக்கும் அதிகாரியான கிளார்க்கின் அலுவலகத்தில் அவரையும் சேர்த்து இரண்டே பேர். தேர்தல் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதால் ஐந்து வாக்குச்சாவடிகளில் நான்கை மூடலாமா என்று யோசிக்கிறார்கள். சாவடிப் பணியாளராக இருந்தவன் என்று என்னிடமும் கருத்து கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: மாற்று ஏற்பாடு கையில் இல்லாமல் ஒரு சாவடியைக்கூட மூடவேண்டாம் என்று சொல்லுங்கள். 2018-இல் ஜார்ஜியாவின் ராண்டால்ஃப் கவுன்டியில் ஒன்பது சாவடிகளில் ஏழு சாவடிகளை மூடப் பார்த்தார்கள். கார் இல்லாதவர்கள் எப்படி வருவார்கள் என்று நாடு முழுவதும் கேள்வி எழுந்தது. கடைசியில் அந்த கவுன்டியின் தேர்தல் வாரியமே அந்தத் திட்டத்தை நிராகரித்தது.

உங்கள் மாநிலத்தில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. 10,000 பேருக்குக் குறைவான கவுன்டியில், சாவடிக்குப் பதிலாக எல்லா வாக்காளர்களுக்கும் வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்ப, மாநிலத்தின் தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளரிடம் கிளார்க் அனுமதி கேட்கலாம். கவுன்டி முழுக்கக் கேட்க வேண்டும் என்றில்லை, சில பகுதிகளுக்கு மட்டும்கூடக் கேட்கலாம். ஆள் கிடைக்கவே கிடைக்காத ஒன்றிரண்டு பகுதிகளில் தொடங்குங்கள் என்பதே என் யோசனை.

ஆனால் தபாலில் ஒரு சிக்கல் உண்டு. நெப்ராஸ்காவில் தபால் முத்திரைத் தேதி கணக்கில் வராது. தேர்தல் நாளன்று வாக்குப்பதிவு முடிவதற்குள் சீட்டு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். கிராமத்தில் போடும் கடிதம் பெரும்பாலும் தொலைதூர நகரத்துக்குப் போய்ப் பிரிக்கப்பட்டுத்தான் திரும்பி வரும். அதனால் வாக்காளர்கள் நிரப்பிய சீட்டைத் தபால் இல்லாமல் நேரில் வந்து போட, பூட்டிய போடுபெட்டி அவசியம். கடைசி வாரத்தில் தபாலில் போடாதீர்கள், பெட்டியில் போடுங்கள் என்று உறையோடு வரும் தாளிலேயே பெரிதாக அச்சடிக்கச் சொல்லுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தனியாக, ரகசியமாக ஓட்டுப் போட ஏற்ற இயந்திரமும் கிளார்க் அலுவலகத்தில் தயாராக இருக்கட்டும்.

அப்புறம் ஆள் விஷயம். உயர்நிலைப் பள்ளியைக் கேட்டுப் பார்த்தார்களா? பல மாநிலங்களில் 16, 17 வயது மாணவர்களும் சாவடி வேலை செய்யலாம். தேர்தல் நாளில் ஆள் சேர்ப்பதைவிட எனக்குப் பெரிய கவலை அலுவலகத்தைப் பற்றித்தான். நிலப் பத்திரம், திருமண உரிமம், கவுன்டி நிர்வாக வாரியத்தின் கூட்டக் குறிப்பு என்று எல்லாம் அந்த இரண்டு பேர் தலையில். அதில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால்? டெக்சாஸின் கில்லெஸ்பி கவுன்டியில் 2022 ஆகஸ்டில், நவம்பர் தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில், மிரட்டல் தாங்காமல் தேர்தல் அலுவலக ஊழியர்கள் எல்லோருமே விலகினார்கள். பக்கத்து கவுன்டி கிளார்க்குடன் இப்போதே பேசி, யார் யாருக்கு உதவுவது என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆள் எவ்வளவு குறைந்தாலும் இரண்டு வேலைகளைச் சுருக்கக் கூடாது. ஒன்று, வாக்கு எண்ணும் இயந்திரத்தைத் தேர்தலுக்கு முன் சோதிப்பது: முடிவு முன்பே தெரிந்த மாதிரிச் சீட்டுக்கட்டை ஓட்டி, எண்ணிக்கை அப்படியே வருகிறதா என்று பார்ப்பது. இன்னொன்று, இரவுக் கணக்கு. வந்த சீட்டு எத்தனை, பதிவானது எத்தனை, கெட்டுப்போனது எத்தனை, மிச்சம் எத்தனை என்று கூட்டிப் பார்த்து, பதிவேட்டில் உள்ள கையெழுத்துகளோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பெட்டியின் சீல் எண்ணை வேறு வேறு கட்சியைச் சேர்ந்த இருவர் சேர்ந்து குறிக்க வேண்டும். நூறு ஓட்டு விழும் சாவடியில் கணக்கில் ஒரு சீட்டு இடித்தாலும் ஊரே பேசும்.

எந்த மாற்றமானாலும் சீக்கிரம் முடிவெடுக்கட்டும். மத்தியத் தேர்தல் என்றால், வெளிநாட்டில் இருப்போருக்கும் ராணுவத்தினருக்கும் 45 நாள் முன்பே சீட்டு போயாக வேண்டும்; அதற்கு முன் அச்சும் பிழைதிருத்தமும் முடிந்திருக்க வேண்டும். இதைப் பேசும் கவுன்டி வாரியக் கூட்டத்தைப் பகலில் வைக்காமல், வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய மாலை நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.