பாட்டுப் புத்தகத்து ஆந்தையும் தோட்டத்து ஆந்தையும்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. மலேசியாவில் பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். விலங்குகளைப் பற்றிய பாட்டுப் படப் புத்தகம் ஒன்றை ஒரு வரி விடாமல் ஒப்பிப்பான். ஆனால் போன வாரம் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓரத்தில் இருக்கும் பெட்டியிலிருந்து ஆந்தை பறந்ததைப் பார்த்து, "பேய்!" என்று என் காலைக் கட்டிக்கொண்டான். புத்தக ஏஜண்ட் ஒருவர் வீட்டுக்கு வந்தார். 24 புத்தகமும் பேசும் பேனாவும் சேர்ந்த செட் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். 1,380 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 115 வெள்ளி கட்டினால் போதுமாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருவார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. உங்கள் மகனிடம் குறை எதுவும் இல்லை. குறை அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

பாட்டுப் புத்தகத்து ஆந்தை எப்படி இருக்கும்? பழுப்பு நிறம், உருண்டைக் கண், "ஹூ ஹூ" என்று கூவும். செம்பனைத் தோட்டத்தில் எலி பிடிக்கப் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே, அது கூகை. வயிறு வெள்ளை, முகம் இதய வடிவம், பறந்தால் சத்தமே கேட்காது. கத்தினால் கீச்சென்று துணியைக் கிழிப்பது போலிருக்கும். "ஹூ" என்று அது சொல்லவே சொல்லாது. படம், சத்தம் இரண்டும் பொருந்தாதபோது பிள்ளை எப்படி அடையாளம் காண்பான்? போதாததற்கு, மலாயில் ஆந்தைக்குப் பெயரே புருங் ஹந்து, பேய்ப் பறவை. பாலர்பள்ளியிலோ பக்கத்து வீட்டிலோ அதைக் கேட்டிருப்பான். "பேய்" என்றது அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

சந்தத்தால் பயன் உண்டு. வரி முடிவில் வரும் ஓசை பிள்ளையின் காதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த இடத்தில் எது உட்காருகிறது என்று பார்த்து வாங்க வேண்டும். ஓசைக்காக உண்மையைத் திருகும் புத்தகங்கள் ஏராளம். "வான்" என்று முடித்துவிட்டதால் திமிங்கலத்தை "மீன்" ஆக்கிய புத்தகத்தை நானே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலப் பாட்டை அப்படியே தமிழில் பெயர்த்துப் போடுகிறவர்களிடம் இந்தக் கோளாறு அதிகம். அங்கே இயல்பாக வந்த ஓசை இங்கே வராது. வரித் தொடக்கத்து எதுகையும் வராது, வரி முடிவு இயைபும் வராது, பிறகு இட்டுக்கட்டுகிறார்கள். சட்டை போட்டுக்கொண்டு பேசும் கரடி கதைக்கு நன்றாக இருக்கும், விலங்கை அறிமுகப்படுத்த உதவாது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: மனிதரைப் போல் பேசும் விலங்குப் புத்தகம் கேட்ட பிள்ளைகள், உள்ளதை உள்ளபடி சொல்லும் புத்தகம் கேட்டவர்களைவிட, அந்த விலங்கைப் பற்றிய உண்மைகளைக் குறைவாகவே கற்றார்கள்.

நீங்களே இரண்டு வரி கட்டலாம். அந்தக் காலத்துத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கள் எந்த செட்டை வாங்கினார்கள்? கண்ணெதிரே போகிற ஆட்டையும் கோழியையும் வைத்துத்தானே பாடினார்கள். கூகைக்கு இப்படிப் பாடுங்கள்:

கூட்டுக்குள் தூங்கும் பகலெல்லாம்
தோட்டத்து எலிபிடிக்கும் இரவெல்லாம்

முதல் தடவை நிறுத்தாமல் முழுதும் பாடுங்கள். அடுத்த தடவை "இரவெல்லாம்" வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு அவன் முகத்தைப் பாருங்கள். அவனே முடிப்பான். மூன்றாவது தடவை பாட்டை விட்டுவிட்டுப் படத்தில் விரல் வைத்துக் கேளுங்கள்: "பகல்ல இது எங்கய்யா தூங்கும்? எலிய எதால புடிக்கும்?" கேட்டுவிட்டு அவன் யோசிக்க நேரம் கொடுங்கள். பெரும்பாலான வீடுகளில் கேள்வியைக் கேட்ட மூச்சிலேயே அம்மாவே பதிலையும் சொல்லிவிடுகிறார்.

இந்த மூன்றாவது தடவையைப் பேனா செய்யாது. தொட்டால் பாடும், மறுபடி தொட்டால் மறுபடி பாடும். உங்கள் மகனுக்குத்தான் ஒப்பிக்க ஏற்கனவே வருகிறதே!

இனி அந்த ஏஜண்ட். "இலவச மூளைத்திறன் சோதனை" என்று நான்கு அட்டையைக் காட்டி, "பிள்ளை கொஞ்சம் மெதுவா இருக்கானே" என்பார். அதைக் கேட்டால் எந்த அம்மாவுக்கும் வயிறு கலங்கும். கலங்கட்டும் என்றுதான் சொல்கிறார். அடையாள அட்டை நகலைக் கொடுக்காதீர்கள், வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லாதீர்கள். ஏற்கனவே கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் கவனிக்க: 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டப்படி, வீடு தேடி வந்து 300 வெள்ளிக்கு மேல் விற்றால் எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். பத்து வேலை நாளுக்குள் நீங்கள் அதை ரத்து செய்யலாம். வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கடிதமாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் பயனீட்டாளர் (நுகர்வோர்) நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. சட்டம் இருக்கிறது. ஆனால் அதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துத் தோட்டத்துச் சுவரில் ஒட்ட இத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. ஏஜண்டுகளுக்கு மட்டும் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வழி தெரிகிறது.

நான் சொன்னது ஒரே ஒரு இடத்தில் செல்லாது. பிள்ளை ராகத்தைச் சரியாகப் பாடி, சொற்களை மட்டும் குழப்புகிறானா? "கூட்டுக்குள்" என்பது "ஊட்டுஉள்" என்று வருகிறதா? பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பாமல், தோளைத் தொட்டால்தான் திரும்புகிறானா? டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறானா? சளி பிடித்தால் காது ஒழுகுகிறதா? காதுக்குள் நீர் தேங்கினால் ராகம் கேட்கும், சொல் மங்கிவிடும். வீட்டில் எல்லாரும் அதைப் "புரியாத பிள்ளை" என்பார்கள். அப்படியானால் புத்தகம், பாட்டு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். 1 வெள்ளிதான் கட்டணம். "வளர்ந்தா சரியாகும்" என்று திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள், காது பரிசோதனைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். உங்கள் மகன் ஒரு வரி விடாமல் ஒப்பிக்கிறான் என்பதால் அவனுக்கு இது இருக்காது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் பின்னால் நின்று ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏஜண்டை வாசலோடு அனுப்பிவிட்டு, பகலில் மகனோடு அந்தப் பெட்டி மரத்தடிக்குப் போங்கள். ஏணி போட்டு எட்டிப் பார்க்க வேண்டாம், குஞ்சு இருக்கும். கீழே கட்டைவிரல் பருமனில் கருப்பு உருண்டைகள் கிடக்கும். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத முடியையும் எலும்பையும் வாய் வழியே கக்கிய உருண்டை அது. ஒரு குச்சியால் நீங்களே பிரித்துக் காட்டுங்கள். உள்ளே எலியின் தாடை பல்லோடு இருக்கும். அவன் கையால் தொட வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இருட்டியதும் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எட்ட நின்று, அந்த இரண்டு வரியைப் பாடுங்கள்.