செம்பனைக் காட்டுச் சேற்றில் சைக்கிளின் பின்சக்கரம் இறுகி நிற்கிறது, 2.6 அங்குல அகல டயர் போடலாமா?

2.6 வேண்டாம், இன்னும் மோசமாகும். பின்னால் 2.25 போதும், டயர் மேல் துருத்தும் ரப்பர் பட்டன் உயரமாகவும் நல்ல இடைவெளி விட்டும் இருக்கணும்.

சக்கரத்தை நிறுத்துவது பெரும்பாலும் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் உள்ள இடுக்குதான். மழைக்குப் பிறகு செம்மண்ணும் காய்ந்த மட்டைத் தூளும் சேர்ந்து அங்கே சிமெண்டு மாதிரி அடைத்துக்கொள்ளும். பெடல் அச்சுக்குப் பின்னால், டயரின் இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் ஆலன் சாவி நுழையுதா பாருங்க. நுழையலைன்னா எந்தச் சேற்று டயரும் உதவாது.

காற்று: 70 கிலோ ஆளுக்கு, டியூப்லெஸ் என்றால் முன்னால் 20, பின்னால் 23 பிஎஸ்ஐயில் ஆரம்பிங்க. அப்புறம் ஒவ்வொரு பிஎஸ்ஐயாகக் குறைங்க. டியூப் போட்டிருந்தால் இவ்வளவு இறக்காதீங்க, வேரில் மோதினால் டியூபை ரிம் கடித்துவிடும். மட்டை முள்ளுக்கு, டியூப்லெஸ் டயருக்குள் ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் 100 மில்லி ஊற்றுங்க.

ஒன்று, இந்த டயர் தார் ரோட்டில் இழுக்கும், பட்டனும் சீக்கிரம் தேயும்.