பரணில் கிடந்த உளியும் பாத்ரூம் ஆசிட்டும்

அண்ணாச்சி, தாத்தா ஆசாரி. அவருடைய உளிகள் பரணில் சாக்குக்குள் துருவேறிக் கிடக்கின்றன. கிரைண்டரில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் பளபளக்கும் என்கிறார்கள். கொடுக்கலாமா? (களக்காடு)

வேண்டாம். கிரைண்டர் சூட்டில் உளியின் முனை சட்டென்று நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிசுக்கு இருக்கும் இடத்தில் வினிகர் வேலை செய்யாது. பிளாஸ்டிக் டப்பாவில் மளிகைக்கடை வெள்ளை வினிகரை ஊற்றி, கைப்பிடி நனையாமல் இரும்பை மட்டும் ஒரு ராத்திரி முக்கி வையுங்கள். தகர வாளி கூடாது. அதன் துத்தநாகப் பூச்சை வினிகர் தின்றுவிடும். காலையில் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாக வழியும். ஆப்பச்சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைத்து, எண்ணெய் தடவுங்கள். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால், திரும்புவதற்குள் ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்திருக்கும்.

பிறகு உளியின் தட்டையான முதுகைப் பாருங்கள். துரு அரித்த குழி முனைவரை வந்திருந்தால், அது தீரும்வரை கல்லில் தேய்த்துத்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் கூர் பல் பல்லாகத்தான் வரும். மேலே தள்ளி இருக்கும் குழிகளை விட்டுவிடுங்கள், வேலைக்கு அவை இடைஞ்சல் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு? பாத்ரூம் ஆசிட்டை ஊற்றினால் துரு போகாதா? (பாளையங்கோட்டை)

போகும், கூடவே இரும்பும் போகும். அந்தப் புகை பட்டால் பக்கத்தில் சும்மா இருக்கும் ஆயுதங்களும் துருப்பிடிக்கும். ரம்பம் போன்ற கடின எஃகை ஆசிட்டில் ஊறவைத்தால் உள்ளே ஹைட்ரஜன் புகுந்து, வளைக்கும்போது பொட்டென்று ஒடியலாம். ரம்பத்துக்கு மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போதும். நீளவாக்கில் தேயுங்கள்.

பதநீர் சீசன் முடிந்ததும் பாளை அரிவாள்களைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவித்தான் வைக்கிறோம். ஆனாலும் சீக்கிரமே திரும்பத் துரு வருகிறது. (உவரி)

கடற்காற்று சும்மா விடுமா? உப்பு துருக்குழிகளுக்குள் தங்கியிருக்கிறது. அதன்மேல் எண்ணெய் தடவினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதுபோலத்தான். நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து இரண்டு மூன்று தடவை ஊற்றி அலசுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கேன் தண்ணீரே வாங்கிக்கொள்ளுங்கள், காசு பார்க்காதீர்கள். இரும்பு சூடாக இருப்பதால் சீக்கிரம் காயும். அந்தச் சூடு ஆறுவதற்குள் வாஸ்லினைத் தடவிவிட்டால் குழிக்குள் இறங்கி உறையும். சீசன் தொடங்கும்போது சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவிக்கொள்ளலாம். சாக்கில் சுற்றாதீர்கள், சணல் ஈரத்தை விடாது. களக்காட்டுக்காரருக்கும் இதுதான்.

அரிவாள்மனைக்கு என்ன எண்ணெய் தடவலாம்? (அம்பாசமுத்திரம்)

தேங்காய் எண்ணெய்தான். நல்லெண்ணெய் நாளானால் பிசினாக ஒட்டும். மெஷின் ஆயில் சமையலறைப் பக்கமே வரக்கூடாது. துரு லேசாக இருந்தால் கெட்டியாகக் கரைத்த புளியை அரைமணி நேரம் பூசி வைத்துத் தேய்த்தாலே போகும். கறுப்பாக இருப்பதெல்லாம் துரு இல்லை. விரலில் காவி ஒட்டினால்தான் துரு. அந்தக் கறுப்பு இரும்புக்குக் கொஞ்சம் காவலும்கூட, சுரண்டி எடுக்காதீர்கள்.

மம்பட்டியில் கணை, அதாவது மரப்பிடி, ஆடுகிறது. தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகும் என்கிறார் அப்பா. துருவையும் எடுக்கவேண்டுமா? (சேரன்மகாதேவி)

அப்பா சொல்வதுபோல அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும், கணை நுழையும் ஓட்டைக்குள் துருவும் ஏறும். நன்றாகக் காய்ந்த மரத்தில் ஆப்பு சீவி இறக்குங்கள். இலைப்பகுதித் துருவுக்கு மெனக்கெட வேண்டாம், நாலு நாள் வயலில் வெட்டினால் தானே போய்விடும்.